ஊதினால் ஸ, இழுத்தால் ரி: டாமி ரெய்லி என்ற மவுத் ஆர்கன் வித்வான்

மவுத் ஆர்கனை ஒரு தடவையாவது வாயில் வைத்து ஊதிப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும், யார் ஊதினாலும் காதுக்கு இதமாக ஏதோ ஒரு சத்தம் வரும், விலையும் பெரிதில்லை. அதே மவுத் ஆர்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் போய் நின்று, வயலின் வித்வானுக்கும் பியானோ வித்வானுக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதை இதற்கும் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாசித்தவர் டாமி ரெய்லி. 1919-ல் கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்து குவெல்ஃப் நகரில் பிறந்தவர். 2000-ல் இங்கிலாந்தில் காலமானார். இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவே அவர் செய்ததைச் செய்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான்.

ஏன் இவ்வளவு குறைவு? அவர் வாசிப்பைப் பல வருடமாகக் கேட்டு வருகிற எனக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். திறமைசாலிகள் பிறக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாதிக் காரணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, மீதிப் பாதி பெட்டிக்கு வெளியே, இசைத் தொழில் நடக்கிற விதத்தில் இருக்கிறது. முதலில் பெட்டியைத் திறப்போம்.

ரெய்லி வாசித்தது குரோமாட்டிக் ஹார்மோனிகா. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பத்துத் துளை மவுத் ஆர்கன் வேறு, இது வேறு. வழக்கமான குரோமாட்டிக்கில் பன்னிரண்டு துளைகள், ஓரத்தில் ஒரு பட்டன், உள்ளே 48 ரீடுகள். ரீடு என்றால் ஒரு முனையில் ஆணியடித்து, மறுமுனை ஒரு சன்னமான வெட்டுக்குள் போய்வர ஆடுகிற பித்தளை நாக்கு. நம் ஆர்மோனியப் பெட்டிக்குள் இருப்பதும் இதே சாதிதான். நாதஸ்வரத்துச் சீவாளி போல வாய்க்குள் போய் உதட்டுக்குக் கட்டுப்படுகிற சங்கதி இல்லை இது. ரீடு பெட்டிக்குள்ளேயே இருக்கும், வாசிப்பவருக்கு அதைத் தொட வழியே கிடையாது. காற்றை வைத்துத்தான் அதை வசப்படுத்த வேண்டும்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள், மேற்படி வாழ்க்கைக் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது. ‘சி’ சுருதியில் உள்ள பெட்டியை எடுத்து, அந்த ‘சி’-யை ஸட்ஜமம் என்று வைத்துக்கொண்டால், ஊதும்போது கிடைப்பது ஸ, க, ப. மூச்சை உள்ளே இழுக்கும்போது கிடைப்பது ரி, ம, த, நி. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். பட்டனை அழுத்தினால் ஒவ்வொன்றும் அரை ஸ்வரம் மேலே போகும், அப்படியாகப் பன்னிரண்டு ஸ்வரங்களும் கைக்கு வந்துவிடும். சரி, கணக்கு முடிந்தது, எல்லாம் இருக்கிறது. ஆனால் ஸ-ரி-க-ம என்று நான்கே ஸ்வரம் வாசிக்க ஊது, இழு, ஊது, இழு என்று மூச்சு மூன்று முறை திசை மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நூலிழை இடைவெளி விழும். அந்த இடைவெளியைக் கேட்பவர் காதுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் இந்த வித்தையின் முதல் பாடம், அநேகமாகக் கடைசிப் பாடமும் அதுவே.

வயலினில் வில்லை இழுப்பது, தள்ளுவது என்று இரண்டு இருக்கிறதல்லவா, இதுவும் அது மாதிரிதானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வயலின்காரர் எந்த ஸ்வரத்தை எந்த வில்லில் வாசிப்பது என்று தானே தீர்மானிக்கலாம், நான்கு ஸ்வரத்தை ஒரே வில்லில் இழைக்கலாம். மவுத் ஆர்கனில் ஸ்வரமே திசையைத் தீர்மானித்துவிடுகிறது. தப்பிக்க இரண்டே இடங்கள்: ம மற்றும் ஸ. காந்தாரத்தை ஊதிப் பட்டனை அழுத்தினால் அது மத்யமம், ஆக ம-வை இழுத்தும் வாசிக்கலாம், ஊதியும் வாசிக்கலாம். நிஷாதத்தை இழுத்துப் பட்டனை அழுத்தினால் மேல் ஸட்ஜமம், ஆக ஸ-வுக்கும் இரண்டு வழி. ஒரு நல்ல வித்வான் ஒரு இசை வாக்கியத்தை எடுத்துக்கொண்டு எந்த ம-வை ஊதுவது, எந்த ம-வை இழுப்பது என்று பென்சிலால் குறித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காருவது இதற்காகத்தான். ஊதுகிற ஸ்வரங்களாகவே தொடர்ந்து வந்தால் நெஞ்சில் காற்று தீர்ந்துவிடும், இழுக்கிற ஸ்வரங்களாக வந்தால் நெஞ்சு நிரம்பி முட்டும், நடுவில் மூக்கு வழியாக யாருக்கும் தெரியாமல் வெளியேற்ற வேண்டும். பாடகர் மூச்சு எடுக்க இடம் தேட வேண்டும். இவர் மூச்சை விடவும் இடம் தேட வேண்டும்!

இது போதாதென்று பராமரிப்பு வேறு. குளிர்ந்த உலோகத்தில் சூடான, ஈரமான மூச்சு பட்டால் உள்ளே ரீடு வெட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் பொட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மேடை ஏறுவதற்கு முன் கருவியைக் கைக்குள்ளோ கோட்டுக்குள்ளோ வைத்துச் சூடேற்றிக்கொள்வார்கள். ரீடும் நாளாக நாளாகச் சோர்ந்து சுருதி இறங்கும், ஒரு நாள் விரிசல் விட்டுப் போய்விடும். வயலின் முந்நூறு வருடம் வாழும், வயதாக ஆக மதிப்புக் கூடும். மவுத் ஆர்கன் கடுமையாக வாசிக்க வாசிக்கத் தேய்கிற பொருள். ஒன்றுக்கு இரண்டாகக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் கச்சேரிக்குப் போக முடியாது.

ரெய்லிக்கு இதில் ஒரு யோகம் இருந்தது: அவர் முதலில் வயலின் மாணவர். எட்டு வயதில் வயலின், பதினோரு வயதில் அப்பா நடத்திய ஹார்மோனிகா பேண்டில் மவுத் ஆர்கன். 1935-ல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. மவுத் ஆர்கனை வைத்துக் கேளிக்கை அரங்குகளில் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டே வயலினையும் விடவில்லை, ஜெர்மனியில் லைப்சிக் இசைக் கல்லூரியில் சேர்ந்து படிக்கப் போனார். போன நேரம் சரியில்லை. 1939-ல் போர் தொடங்கியதும் எதிரி நாட்டவர் என்று அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். போர் முடியும் வரை, அதாவது இருபது வயதிலிருந்து ஏறக்குறைய இருபத்தாறு வயது வரை, முகாம்களில்தான் வாழ்க்கை.

ஒரு கலைஞனின் கை உருவாகிற வயது அது. அந்த வருடங்களை இழந்தவர்கள் எத்தனையோ பேர் திரும்ப எழவேயில்லை. ரெய்லி அங்கே மவுத் ஆர்கனோடு உட்கார்ந்தார். யாஷா ஹைஃபெட்ஸ் வயலினில் ஒரு வாக்கியத்தை எப்படித் தொடங்குவார், எங்கே அழுத்தம் கொடுப்பார், எப்படி முடிப்பார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதை மூச்சில் கொண்டுவரப் பழகினார். தன் வாசிப்பு முறை அந்த முகாம் வருடங்களில்தான் உருவானது என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை நான் வெறும் விடாமுயற்சிக் கதையாகப் பார்க்கவில்லை. வெளியே இருந்திருந்தால் வாரத்துக்கு நான்கு மேடை, மேடைக்கு மேடை கைதட்டல் வாங்கும் இசைத் துண்டுகள், அந்த ரசிகர்களுக்குப் பிடித்த தந்திரங்கள் என்று போயிருக்கும். முகாமில் அதற்கெல்லாம் வேலையில்லை. வயலின் வில்லின் நீளத்தை மூச்சுக்கு எப்படிக் கொடுப்பது என்ற ஒரே கேள்வியோடு ஒரு இளைஞனுக்கு ஐந்தாறு வருடம் கிடைத்தது. விலை மிகக் கொடியது, அதையும் மறக்கக் கூடாது.

1945-ல் லண்டனுக்குத் திரும்பியபோது அந்த இடம் காலியாக இல்லை. லாரி ஆட்லர் இருந்தார். அமெரிக்காவில் பால்டிமோர்க்காரர், 1914-ல் பிறந்தவர், பதின்மூன்று வயதில் உள்ளூர்ப் போட்டியில் ஜெயித்து மேடைக்கு வந்தவர். 1934-லேயே லண்டன் வந்து பெரும் பெயர் வாங்கிவிட்டார். இருபத்தைந்து வயதைத் தாண்டும் வரை இசைக் குறிப்பைப் படிக்கவே அவருக்குத் தெரியாது, எல்லாம் காதால் கேட்டு வாசித்ததுதான். பேச்சு, கதை, மேடைக் கவர்ச்சி எல்லாம் சேர்ந்த ஆள். ‘ஹார்மோனிகா’ என்ற நாகரிகப் பெயரே அவருக்குப் பிடிக்காது, ‘மவுத் ஆர்கன்’ என்றுதான் சொல்வார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது அவரும் நடனக் கலைஞர் பால் டிரேப்பரும் குறிவைக்கப்பட்டார்கள். இருவரும் போட்ட அவதூறு வழக்கு 1950-ல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராமல் நின்றுபோனது. ஆட்லர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1953-ல் ‘ஜெனிவீவ்’ என்ற பிரிட்டிஷ் படத்துக்கு இசையமைத்தார், அமெரிக்காவில் ஓடிய பிரதிகளில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆஸ்கர் பரிந்துரை அந்த இசையை நடத்திய மியூர் மாத்திசன் பெயரில் போயிற்று. அதைத் திருத்தப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆட்லரா ரெய்லியா என்று கேட்டால் நான் ரெய்லி பக்கம். ஆட்லரைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் வாசித்தால் அறை முழுக்க அவர்தான் இருப்பார். ரெய்லி வாசித்தால் அந்த இசையை எழுதியவர் முன்னால் வந்து நிற்பார். செவ்வியல் வித்வானிடம் நான் கேட்பது இரண்டாவதை. ஆனாலும் நியாயமாகச் சொன்னால், பெரிய இசையமைப்பாளர்களை இந்தக் கருவி பக்கம் திரும்ப வைத்ததில் ஆட்லரின் பங்கு மிகப் பெரிது. பிரான்ஸ்காரர் டாரியஸ் மியோ 1940களில் அவருக்காக எழுதினார். ரால்ஃப் வான் வில்லியம்ஸ் எழுதிய ‘ரொமான்ஸ்’ 1952-ல் நியூயார்க் டவுன் ஹாலில் முதலில் அரங்கேறியது. ஆர்தர் பெஞ்சமின் 1953-ல் ஒரு கன்செர்ட்டோ (ஒரு வித்வான் முன்னால் நின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற பெரிய படைப்பு), மால்கம் ஆர்னல்ட் 1954-ல் ஒன்று. ஆர்னல்டுடையது அந்த வருடம் லண்டனில் கோடைதோறும் நடக்கும் ப்ராம்ஸ் கச்சேரிகளில் ஒலித்தது.

வான் வில்லியம்ஸ் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது டி-ஃபிளாட் சுருதியில் இருக்கிறது, நம் பேச்சில் ஒன்றரைக் கட்டை. சற்று முன் சொன்ன பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசித்தால் பெட்டி முழுக்க அரை ஸ்வரம் ஏறி, அப்படியே ஒன்றரைக் கட்டைச் சங்கராபரணமாகிவிடும். வயலின்காரர்களுக்கு அவ்வளவு வசதியில்லாத சுருதி இந்தக் கருவிக்குச் சொந்த வீடு மாதிரி. கூட வருவது தந்தி வாத்தியங்களும் பியானோவும் மட்டும். ஊதுகுழல்கள், பித்தளை வாத்தியங்கள் கிடையாது, அதனால் மவுத் ஆர்கனின் மெல்லிய குரல் அமுங்கிப் போவதில்லை. எண்பது வயதை ஒட்டிய ஒரு பெரியவர் தான் அதுவரை எழுதியிராத ஒரு கருவிக்கு இப்படி அளந்து சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆறேழு நிமிடம்தான் வரும்.

ஆனால் அந்த ஆறேழு நிமிடத்தில்தான் பிரச்சினையும் இருக்கிறது. வயலின் வித்வான் ஒருவர் மேடைக்கு வந்தால் பாக் முதல் பிரம்ஸ் வரை அவருக்காக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மவுத் ஆர்கன் வித்வானுக்கு முன்னோர் சொத்து கிடையாது. தன் இசையைத் தானே கேட்டு வாங்க வேண்டும். ரெய்லிக்காக மைக்கேல் ஸ்பிவகோவ்ஸ்கி 1951-ல் ஒரு முழு கன்செர்ட்டோ எழுதினார். கோர்டன் ஜேகப் தந்தி வாத்தியங்களோடு வாசிக்க ஐந்து துண்டுகள் கொடுத்தார். விலேம் டவுஸ்கி ஒரு கன்செர்ட்டினோ, அதாவது சின்ன கன்செர்ட்டோ கொடுத்தார். கூடவே பியானோ வாசித்த நண்பர் ஜேம்ஸ் மூடி வருடக்கணக்காக எழுதிக் குவித்தார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஜான் செபாஸ்டியன் என்ற அமெரிக்க மவுத் ஆர்கன் வித்வான் கேட்க, பிரேசிலின் வில்லா-லோபோஸ் 1955-ல் ஒரு கன்செர்ட்டோ எழுதினார். கவனித்தால் எல்லாமே ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதரிடம் பேசி, சிநேகம் பிடித்து, கருவியைக் காட்டி, ‘இந்தக் கூட்டு ஸ்வரம் வராது, ஏனென்றால் ஒன்று ஊதுவது, ஒன்று இழுப்பது’ என்று உட்கார்ந்து விளக்கி வாங்கியவை. ஒரே மூச்சில், பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் கிடைப்பவைதான் சேர்ந்து ஒலிக்கும், நாக்கால் நடுத் துளைகளை அடைத்தால் தள்ளியிருக்கிற இரண்டு ஸ்வரங்களையும் சேர்க்கலாம், அவ்வளவுதான் எல்லை. இதெல்லாம் எந்த இசைக் கல்லூரியிலும் இசையமைப்பாளருக்குச் சொல்லித் தருகிற பாடம் இல்லை. வித்வானேதான் வாத்தியாராகவும் இருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் நான் பெட்டிக்கு வெளியே உள்ள காரணம் என்று சொன்னது வருகிறது. ஆர்கெஸ்ட்ராவில் மவுத் ஆர்கனுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி இல்லையென்றால் மாதச் சம்பளம் இல்லை. சம்பளம் உள்ள வேலை இல்லாத கருவியை இசைக் கல்லூரிகள் சொல்லித்தர ஆர்வம் காட்டாது. கல்லூரியில் இல்லையென்றால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? ஆட்கள் இல்லாத கருவிக்கு எந்த இசையமைப்பாளர் எழுதுவார்? இது வட்டமாகச் சுற்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அக்கார்டியன் இருக்கிறது, அதே ரீடு சாதி, அதே மாதிரி எளிய மக்கள் கருவியாகத் தொடங்கியது. ஜெர்மனியின் டிராஸிங்கன் ஊரில் 1857-ல் தொடங்கிய ஹோனர் கம்பெனி இரண்டையும் செய்து விற்றது. ஆனால் அக்கார்டியனுக்கு 1930களிலேயே அந்த ஊரில் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி வந்துவிட்டது, அப்புறம் ஐரோப்பாவின் பல இசைக் கல்லூரிகளிலும் இடம் கிடைத்தது. மவுத் ஆர்கனுக்கு அந்த அளவுக்கு நடக்கவில்லை. மலிவான பொருள், பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்ற பெயர் அதை விடாமல் துரத்தியது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு விசித்திரமான அத்தாட்சியே உண்டு. இசைக்கலைஞர் சங்கம் 1948-ல் ஒலிப்பதிவுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. மவுத் ஆர்கனை அப்போது சங்கம் இசைக்கருவியாகவே கணக்கில் எடுக்கவில்லை, அதனால் அதை வாசிப்பவர்களைத் தடை கட்டுப்படுத்தவில்லை, ரெக்கார்டு கம்பெனிகள் பாடகர்களுக்குப் பின்னால் ஹார்மோனிகாவை வைத்துப் பதிவு செய்தன. அதன் பிறகுதான் சங்கம் இதையும் கருவி என்று ஏற்று இவர்களை உள்ளே சேர்த்தது. நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. இதே ரீடு குடும்பத்துப் பிள்ளையான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தள்ளி வைத்திருந்தது. வானொலி சொன்ன காரணம் கமகம் வராது, சுருதி நம் சங்கீதத்துக்கு ஒட்டாது என்பது, அமெரிக்கச் சங்கத்தின் காரணம் வேறு. ஆனால் கதவு சாத்துகிற சத்தம் ஒன்றுதான்.

அப்படியானால் ரெய்லி எப்படி வாழ்ந்தார்? வானொலி, தொலைக்காட்சி, சினிமா. பிபிசியில் ‘தி நேவி லார்க்’ என்று பல வருடம் ஓடிய நகைச்சுவை நாடகத்தின் அடையாள இசை அவரும் மூடியும் சேர்ந்து செய்தது. ‘டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்’ என்ற போலீஸ் தொடரின் தொடக்கத்தில் ஒலித்த மவுத் ஆர்கனும் அவருடையதுதான். ஸ்பிவகோவ்ஸ்கி கன்செர்ட்டோவைக் கேட்டிராத லட்சக்கணக்கான பிரிட்டிஷ் வீடுகளுக்கு அவர் மூச்சு பழக்கமானது. இதைச் சிலர் செவ்வியல் வித்வானுக்குக் கொஞ்சம் இறக்கம் என்பதுபோல எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வருடத்துக்குச் சில தடவைதான் ஆர்கெஸ்ட்ராக்கள் கூப்பிடும் என்று தெரிந்த கருவியை வைத்துக்கொண்டு, மீதி நாட்களில் கை துருப்பிடிக்காமல், வீட்டில் அடுப்பும் அணையாமல் பார்த்துக்கொள்ள இது ஒரு நேர்மையான வழி. அதோடு நாற்பது நொடி அடையாள இசையில்கூட அவர் வாக்கியத்தின் கடைசி ஸ்வரத்தை அவசரமாக விட்டதில்லை, அதைக் கேட்டாலே தெரியும்.

1960களின் பின்பாதியில் ஹோனர் கம்பெனியோடு சேர்ந்து வெள்ளி உடம்பு கொண்ட ஒரு கச்சேரி ஹார்மோனிகா உருவானது, 1967-ல் வந்தது. ‘சில்வர் கன்செர்ட்டோ’ என்று பெயர். சாதாரண மாதிரிகளில் நடுச்சட்டம் மரம், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதன் விளிம்பு உதட்டில் உரசும், காற்றும் கசியும். காற்றுக் கசிந்தால் மெல்லிய ஸ்வரம் சட்டென்று எழும்பாது. வெள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. பணம் இருப்பவர்களின் ஆடம்பரம் என்று மேலோட்டமாகத் தோன்றும். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது: விளையாட்டுச் சாமான் என்று சொன்னவர்களுக்கு முன்னால், புல்லாங்குழல் வித்வான் வெள்ளிக் குழலை எடுப்பதுபோல இதையும் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்ட முடிந்தது.

அவரிடம் வந்து கற்றவர்களில் பெரிய பெயர் நார்வேயின் சிக்மண்ட் குரோவன். அவரும் தன் குருவைப் போலவே தன் நாட்டு இசையமைப்பாளர்களிடம் கேட்டுக் கேட்டுப் புதிய துண்டுகளை வாங்கினார், அதாவது ரெய்லி விட்டுப்போனதில் வாசிப்பு முறை மட்டுமில்லை, இந்தக் கேட்டு வாங்கும் பழக்கமும் சேர்ந்தே கைமாறியது. 1992-ல் பிரிட்டிஷ் அரசு ரெய்லிக்கு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. இன்று இந்தக் கருவி கூட்டமாகப் பயிலப்படுவது ஐரோப்பாவை விடக் கிழக்கு ஆசியாவில்தான்: ஜப்பான், தைவான், ஹாங்காங், மலேசியா. அங்கே பள்ளிக் குழுக்கள், போட்டிகள் எல்லாம் உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை டிராஸிங்கனில் நடக்கும் உலக ஹார்மோனிகா விழாவுக்கு அங்கிருந்து திரளாக வருகிறார்கள். ஆர்கெஸ்ட்ரா நாற்காலி மட்டும் இன்னும் வரவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நெவில் மாரினர் நடத்த, அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் குழுவோடு ரெய்லி வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது, வான் வில்லியம்ஸும் கோர்டன் ஜேகப்பும் அதில் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள். ஹார்ப் வாத்தியக்காரர் ஸ்கைலா காங்காவோடு வாசித்த நாட்டுப்பாடல்கள் அடுத்தது. முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது, ஒவ்வொரு ஸ்வரத்திலும் இது ஊதியதா இழுத்ததா என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். கையில் பெட்டியை வைத்துக்கொண்டு, ஸ்வரங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகும், மெதுவான இடங்களில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.